இடப்பக்கம்

கனடாவின் வினிபெக்கில் குளிர்காலத்தில் சைக்கிள் மிதித்து வேலைக்குப் போகிறவர்களைப் பற்றி ஊருக்கு ஒரே கருத்துதான்: மறை கழன்ற கேஸ்கள். நான் பல வருஷமாக அதில் ஒருத்தி. அந்த ஜனவரியில் என் தம்பி ரோமனையும் சேர்த்துக்கொண்டேன்.

அவன் மனைவி விட்டுப்போன பிறகு ஒரு வருஷம் என் வீட்டுக் கீழ்த்தளத்தில் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தவன். குளித்து, சவரம் செய்து, நான் இருக்கும் ரொட்டித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்ததே பெரிய காரியம். அவன் வேனை எப்போதோ விற்றாயிற்று. பஸ்ஸில் மனிதர்கள் இருப்பார்கள் என்பதால் பஸ் வேண்டாம் என்றான். அவன் தினம் காலையில் எழுந்து கதவைத் தாண்ட வேண்டும். எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

"மைனஸ் இருபத்தெட்டுல சைக்கிளா? அம்மா உன்னைத் தொட்டில்லேருந்து தவற விட்டாங்கன்னு சொன்னது நெசந்தான் போல, ஹான்யா."

"சாக்ஸ் ரெண்டு ஜோடி போடு. வாயை மூடிட்டு மிதி, பல்லு கூசும்."

தெருவில் பனியும் மண்ணும் கலந்த சகதியில் ஒரு லாரி அவனை உரசிக்கொண்டு போனதால் ஆற்றுக்கு இறங்கினோம். உறைந்த ஆற்றின் மேல் பனியைத் தள்ளிப் பாதை போட்டிருப்பார்கள். பண்டிகை முடிந்து தூக்கியெறிந்த கிறிஸ்துமஸ் மரங்களை இரு ஓரமும் நட்டிருப்பார்கள். மரங்களுக்கு உள்ளே இருக்கும்வரை பயமில்லை. வழியில் ஒரு பாலத்தடியில், இடது வரிசைக்கு வெளியே, குழாயிலிருந்து கழிவுநீர் வெதுவெதுப்பாக வந்து விழும். அங்கே பனிக்கட்டி மெலிசு.

முந்துகிறவர்கள் பின்னாலிருந்து "இடப்பக்கம்" என்று குரல் கொடுப்பார்கள். உன் இடப்பக்கமாக நான் வருகிறேன், நீ அப்படியே போ என்று அர்த்தம். புதிதாக வருகிற எல்லோரும் அதைக் கேட்டதும் இடப்பக்கமே திரும்புவார்கள். ரோமனும் முதல் நாளே திரும்பி, பாவம், ஒரு வக்கீலம்மாவைப் பனிமேட்டில் தள்ளிவிட்டான்.

அதனால் அவனை முன்னால் விட்டுப் பின்னால் போனேன். ஒரு நாள் தொழிற்சாலையில் பூட்ஸைக் கழற்றியபடி கேட்டான்.

"பாலத்தடியில 'இடப்பக்கம்'ங்கிறே. அப்புறம் முந்தவே மாட்டேங்கிறே. என்ன விளையாட்டு இது?"

"நான் எங்கடா பேசினேன்? தாடையே உறைஞ்சு கெடக்கு."

"உன் கொரல் எனக்குத் தெரியாதா?"

மறுநாள் கவனித்தேன். பாலத்தடியில் சின்னச் சத்தம்கூட இல்லை. ரோமனின் தலை மட்டும், யாரோ கூப்பிட்டதுபோல லேசாகச் சாய்ந்தது. சைக்கிள் இடப்பக்கம் ஒதுங்கி மரக்கிளையில் உரசி மீண்டது.

அதற்கடுத்த நாள் முன்சக்கரம் இரண்டு மரங்களுக்கு நடுவே வெளியே போய்விட்டது. நான் அவன் பேரைச் சொல்லி அலறினேன். நின்றான். திரும்பியபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"இப்போ என்னை ரெண்டு பேரு கூப்பிட்டாங்க," என்றான். "ரெண்டும் நீதான்."

அன்று சாயங்காலம் கீழ்த்தளத்தில் போய்ப் படுத்துக்கொண்டான். இனி வரவில்லை என்றான். அந்தச் சுவரை மறுபடியும் பார்க்க ஆரம்பித்தால் அவனை எழுப்ப முடியாது என்று எனக்குத் தெரியும். ஆற்றைவிட அந்தச் சுவருக்கு நான் பயந்தேன்.

"நாளையிலேருந்து நான் முன்னாடி போறேன்," என்றேன். "நீ நேரா வா. யாரு கூப்பிட்டாலும் திரும்பாதே. என் கொரலா இருந்தா சுத்தமா காதுலயே வாங்காதே. நான் வாயே தொறக்க மாட்டேன். அம்மா மேல சத்தியம்."

வந்தான். ஒரு வாரம், இரண்டு வாரம். எனக்குப் பின்னால் அவனுடைய ஆணி பதித்த டயர் பனிக்கட்டியைக் கொறிக்கும் சத்தம் தினமும் கேட்டது. "இன்னிக்கும் கூப்பிட்டுச்சு," என்பான், ரொட்டியில் வெண்ணெயை அப்பிக்கொண்டே. "இன்னிக்குக் கெஞ்சிக்கூடப் பார்த்துச்சு. நான் கண்டுக்கவே இல்ல." அவனுக்குப் பசியெடுக்க ஆரம்பித்திருந்தது. எனக்கு அது போதும், பேயோ பிசாசோ இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன்.

பிப்ரவரியில் திடீரென்று குளிர் குறைந்தது. ஒரு காலை, ஆற்றின் மேல் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத மூட்டம். ரோமன் டயரில் காற்றடிக்க நின்றான், நான் முன்னால் போனேன். பாலத்தடியில் என் சக்கரம் எதிலோ ஏறி இறங்கியது. பாதையை அடைத்து வைத்திருந்த தடுப்புப் பலகை காற்றில் விழுந்து கிடந்தது. ராத்திரியோடு ராத்திரியாக மரங்களைப் பிடுங்கி வலப்பக்கம், கரையை ஒட்டி நட்டிருந்தார்கள். எனக்கு நேர் எதிரே பழைய பாதை பனிக்கட்டி உருகிக் கறுத்து, நீர் கோத்துக் கிடந்தது. பிரேக்கைப் பிடித்து வலப்பக்கம் ஒடித்ததில் வழுக்கி, சைக்கிளோடு கரையோரம்வரை இழுபட்டுப் போனேன். விளக்கு நொறுங்கியது.

தலையைத் தூக்கியபோது அவன் விளக்கு மூட்டத்துக்குள் மஞ்சளாக, நேராக வந்துகொண்டிருந்தது.

"ரோமன், நில்லு. வலப்பக்கம் வா, பாதையை மாத்திட்டாங்க."

வேகம் குறையவில்லை. எழுந்து ஓடினேன். விழுந்தேன். மறுபடி எழுந்தேன்.

"நான்தான்டா. ஹான்யாதான். நெசமா நான்தான், நில்லுடா."

அவன் சிரித்தான். ஒரு வருஷத்துக்கும் மேலாக அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை.

"இன்னிக்கு நல்லாவே பேசுறே," என்று மூட்டத்தைப் பார்த்துச் சொன்னான். "ஆனா எங்க அக்கா வாயே தொறக்க மாட்டா. அம்மா மேல சத்தியம் பண்ணியிருக்கா."

பெடலை இன்னும் அழுத்தி மிதித்து, நேராகப் போனான்.