ஒட்டுப்புல்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பை இரண்டு பேர் சேர்ந்துதான் மடிக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து இழுத்து, உதறி, நெருங்கி வந்து முனையோடு முனை சேர்த்துவிட்டு விலகிப் போக வேண்டும். புதிதாக எனக்கு ஜோடியாக வந்தவளுக்கு நெருங்கத் தெரிந்தது, விலகத் தெரியவில்லை.

வேறு ஊர்க்காரி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். வந்த அன்றே 'டி' போட்டாள். முனையை என் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே நின்று, தோளில் கைபோட்டுப் பேசுவாள். மூச்சு என் கன்னத்தில் படும்.

"ஏண்டி இளைச்சுட்ட? உன் வீட்டுக்காரர் உன்கிட்ட நல்லாப் பேசுவாரா?"

எங்கள் வீட்டில் அப்பாகூட என் தலையைத் தொட்டதில்லை. நான் ஓரடி நகர்ந்தால் அவளும் ஓரடி வருவாள். இப்படியே நகர்ந்து நகர்ந்து, தினமும் சுவரில் முதுகு முட்ட நிற்பேன். மனசுக்குள் அவளுக்கு ஒட்டுப்புல் என்று பேர் வைத்தேன்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கக்கா" என்று வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். மூத்தவளிடம் அதை எப்படிச் சொல்வது? முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மூக்கைத் தேய்ப்பதுபோல் கையைக் குறுக்கே வைத்துக்கொண்டேன். அப்படியும் அவளுக்கு உறைக்கவில்லை. எரிச்சல் தலைக்கேறி சூப்பர்வைசரிடம் போனேன்.

"அண்ணே, எனக்கு வேற ஜோடி போடுங்க."

"போட்டாச்சும்மா. காலையிலேயே அவ வந்து கேட்டுக்கிட்டா, அழுக்குத் துணி ரூமுக்கு மாத்தி விடுங்கன்னு."

அந்த அறைக்கு யாரும் கேட்டு வாங்கிக்கொண்டு போவதில்லை. இரத்தமும் மூத்திரமுமாக வருகிற மூட்டைகளைப் பிரிக்கிற இடம்.

"ஏனாம்?"

"அவ மேல ஏதோ நாத்தம் அடிக்குதாம். நீ மூக்கைப் பொத்திக்கிறியாம். ரெண்டு வேளை குளிச்சுப் பார்த்தாளாம், தலைக்கு எண்ணெயை மாத்திப் பார்த்தாளாம். அந்த ரூம்ல எல்லாமே நாறும், என்னோடது யாருக்கும் தெரியாதுன்னு அழுதா."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. சோப்பு வாசனையைத் தவிர அவளிடம் ஒரு வாசனையும் கிடையாது. கிட்டே வராதே என்றால் நாற்றம் என்றா அர்த்தம்? ஆனால் கிட்டே வராதே என்று நான் எங்கே சொன்னேன்?

ஓடினேன். அறையின் அந்தக் கோடியில் கையுறையும் முகக்கவசமுமாகக் குனிந்திருந்தாள். அவளாக இருந்தால் பக்கத்தில் போய்க் காதோடு சொல்லியிருப்பாள். நான் வாசலிலேயே நின்று, மெஷின் இரைச்சலுக்கு மேல் கத்தினேன்.

"அக்கா! உங்க மேல நாத்தம் எதுவும் இல்லக்கா!"

அங்கே இருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்கள். தெரியாதவர்களுக்கும் நானே சொல்லிக் கொடுத்துவிட்டேன். அவள் முகக்கவசத்தைக் கண்வரை ஏற்றிவிட்டுக்கொண்டு, அடுத்த மூட்டையை அவிழ்த்தாள்.