நேரில் பார்த்த நிறுத்தம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பொய் சொல்லும் ஆள் இல்லை. சோம்பேறி, அவ்வளவுதான். இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் உண்டு என்றுதான் இந்த வருடம் மார்ச் மாதம் வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் பெயர் பிரமிளா, வயது நாற்பத்தொன்பது. பினாங்கில், கெலுகோரில் ஓர் அடுக்குமாடியின் பதினோராவது மாடியில் தனியாக இருக்கிறேன். ஒரு விமான நிறுவனத்தின் பயணிகளுக்கு வீட்டிலிருந்தபடியே பதில் எழுதுவது வேலை. பெட்டி தொலைத்தவர், விமானத்தைத் தவறவிட்டவர், சும்மா திட்டிவிட்டுப் போக வந்தவர் என்று ஒரு நாளைக்கு அறுபது பேர். எல்லாம் தட்டச்சுதான், வாயைத் திறக்க வேண்டியதில்லை. அண்ணன் குடும்பத்தோடு ஜொகூருக்குப் போன பிறகு என் குரலை நானே கேட்காத வாரங்கள் உண்டு. வீட்டுச் சாமான்கூடக் கைப்பேசியில் சொன்னால் வந்துவிடுகிறது. கொண்டுவருகிறவர் கதவுக்கு வெளியே வைத்து, அதைப் படம் எடுத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமலே போய்விடுவார்.

பொழுது போக வேண்டுமே. ஊர் மக்களே சேர்ந்து இணையத்தில் வரைகிற ஒரு வரைபடம் இருக்கிறது. தெரு, கடை, மரத்தடி பெஞ்சு என்று யார் வேண்டுமானாலும் எதையும் சேர்க்கலாம். பினாங்கில் அதைச் செய்கிறவர்கள் பத்துப் பதினைந்து பேர் ஒரு வாட்சாப் குழுவில் இருக்கிறோம். யாரும் யாரையும் பார்த்ததில்லை. ஜனவரியில் இக்மல் என்பவர், நடமாடும் நூலகப் பேருந்து நிற்கும் இடங்களையெல்லாம் வரைபடத்தில் காட்டலாம் என்றார். நூலகத்தின் பட்டியலில் குடியிருப்பின் பெயர்தான் இருக்கிறது, அதில் எந்த மூலை என்று தெரியாமல் ஜனங்கள் அலைகிறார்களாம். கெலுகோர் என் தலையில் விழுந்தது. நீங்கள் அங்கேயேதானே இருக்கிறீர்கள், கீழே இறங்கிப் பார்த்தால் போதும் என்று எழுதினார்.

நான் இறங்கவில்லை. பட்டியலில் எங்கள் குடியிருப்பின் பெயர் இருந்தது, இரண்டு வாரத்துக்கு ஒரு புதன்கிழமை, மத்தியானம் இரண்டரை மணி. செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கினேன். எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு நேர் கீழே, கார் நிறுத்துமிடத்தில், நீளமாக ஒரு வெள்ளைக் கூரை தெரிந்தது. இதுதான் பேருந்து என்று அதன் மேலேயே புள்ளியை வைத்தேன். இந்தத் தகவல் எப்படிக் கிடைத்தது என்று கேட்கும் கட்டம் ஒன்று உண்டு. நேரில் போய்ப் பார்க்காமல் எதையும் போடக் கூடாது என்பதுதான் எங்கள் குழுவின் ஒரே சட்டம். "நேரில் பார்த்தது" என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போனேன். பால்கனி வரை நாலு எட்டு நடந்து எட்டிப் பார்த்திருந்தால்கூட உண்மை தெரிந்திருக்கும். சொந்த வீட்டு வாசலை ஆகாயத்திலிருந்து பார்த்து வரைந்த மகராசி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை குப்பை போடக் கீழே இறங்கினேன். கார் நிறுத்துமிடத்தில் எழுபது வயது தாண்டிய ஒருவர் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் துணிப்பை, பைக்குள் புத்தகங்கள்.

"பஸ்ஸு இன்னைக்கு லேட்டாம்மா?" என்றார்.

"எந்த பஸ்ஸு அங்கிள்?"

"புஸ்தக பஸ்ஸு லா. எங்க வீட்டுப் பக்கம் வந்துக்கிட்டு இருந்தது, நிப்பாட்டிட்டாங்க. மகன்தான் கோலாலம்பூர்லேருந்து ஃபோன்ல மேப்பு போட்டுக் குடுத்தான். இங்கதான் காட்டுது, பாருங்க."

கைப்பேசியை நீட்டினார். என் புள்ளி. மனிதர் அச்சுப் பிசகாமல் அதன் மேலேயே நின்றுகொண்டிருந்தார்.

உடனே சொல்லியிருக்க வேண்டும். "வந்துரும் அங்கிள்" என்றேன். ரொம்ப நாள் பேசாத குரல், கரகரவென்று வந்தது. "சளி புடிச்சிருக்காம்மா? சுடுதண்ணி குடிங்க" என்றார். என் உடம்பைப் பற்றி ஒருவர் நேரில் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று கணக்குப் போடப் பயமாக இருந்தது.

சந்திரசேகரன் என்று பெயர் சொன்னார். பட்டர்வொர்த் துறைமுகத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு மணி நேரம் பேசினோம். பாலத்து நெரிசல், டுரியான் விலை, கடலைத் தூர்த்துக் கட்டும் வீடுகளை யார்தான் வாங்குவார்கள் என்பது வரை. பேருந்து வரவில்லை. எப்படி வரும்?

அவர் போனதும் காவலாளியிடம் விசாரித்தேன். அந்த வெள்ளைக் கூரை, மூன்றாவது மாடி ஹைதருடைய சோபா ஏற்றும் லோரி. அதையும் போன வருடமே விற்றுவிட்டாராம். நூலகப் பேருந்து குடியிருப்பின் மறு கோடியில், பெரிய ரோட்டைத் தாண்டி, பொது மண்டபத்துக்கு முன்னால் நிற்கிறது. நடந்தால் ஏழு நிமிடம்.

புள்ளியை நகர்த்த அரை நிமிடம் போதும். அன்று மாலை கணினியின் முன் உட்கார்ந்து கையை வைத்தேன், எடுத்தேன். நகர்த்தினால் அவர் அங்கே போய்விடுவார். நான் மறுபடி அறுபது பேரோடு தட்டச்சு செய்துகொண்டிருப்பேன். புள்ளி இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த முறைக்குத் தலைக்குக் குளித்துவிட்டு, பிளாஸ்கில் கோப்பியும் ஒரு பொட்டலம் பீசாங் கோரெங்கும் எடுத்துக்கொண்டு இரண்டு மணிக்கே இறங்கிவிட்டேன். எனக்கே வெட்கமாக இருந்தது. வந்தார். "என்னம்மா, இன்னைக்கும் காணமே?" என்றார்.

"டிரைவர் உடம்பு சரியில்லன்னு எம்சி-யாம் அங்கிள். வேற ஆள் கிடைக்கலியாம்."

எவ்வளவு சரளமாக வந்தது! வாழைப்பழப் பலகாரத்தைப் பிட்டுக் கொடுத்தேன். சிரிக்கச் சிரிக்கப் பேசினார். சந்தோஷமாக இருந்தேன், அதை மறைக்க என்ன இருக்கிறது. அவரும் என்னைப் போல் ஆளில்லாத வீட்டுக்குத்தான் திரும்பிப் போகிறார் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது முறை, மூன்றே கால் ஆனபோது எழுந்துவிட்டார்.

"பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா, அந்த மாக்சிக், நாலு மணி வரைக்கும்தான் உக்காருவாங்க. அப்புறம் குணவதி தனியா இருக்கணும்."

"யாரு அங்கிள்?"

"என் வீட்டுக்காரம்மா. ஸ்ட்ரோக் வந்து ரெண்டு வருசமா படுக்கை. கண்ணும் சரியாத் தெரியல. நான்தான் படிச்சுக் காட்டணும். தமிழ் புஸ்தகம் அந்த பஸ்ஸுலதான் கெடைக்கும். இப்ப படிச்சதையே மூணாவது தடவையா படிக்கிறேன். இனிமே அடுத்த வரிய நானே சொல்லிருவேன், நீங்க வாய மூடுங்கங்கிறா." சிரித்தார். "இங்க நீங்க இருக்கறதால காத்துக்கிட்டு இருக்கறதே தெரியலம்மா."

அவரை அனுப்பிவிட்டு மேலே வந்து கதவைச் சாத்தியதும் முதல் வேலையாகப் புள்ளியைப் பொது மண்டபத்துக்கு நகர்த்தினேன்.

இரண்டு வாரம் கழித்து, பேருந்து வரும் புதன்கிழமை நானும் அங்கே போனேன். பேருந்து நின்றுகொண்டிருந்தது. சந்திரசேகரன் பை நிறையப் புத்தகங்களோடு படியிறங்கி வந்தார். முகம் அப்படி மலர்ந்திருந்தது.

"பாத்தீங்களாம்மா, இடத்த மாத்திட்டாங்க! மேப்புல இப்ப இங்க காட்டுது."

ஆமாம் என்று தலையாட்டினால் முடிந்தது. என்னால் முடியவில்லை.

"யாரும் மாத்தல அங்கிள். பஸ்ஸு எப்பவும் இங்கதான் நிக்கும். அந்தப் புள்ளியத் தப்பா வச்சது நான்தான்."

முதலில் சிரித்தார். "மனுசங்கன்னா தப்பு வரும் லா. எப்பத் தெரிஞ்சது?"

போன தடவைதான் என்று சொல்லியிருக்கலாம். யார், எதை, என்றைக்கு மாற்றினார்கள் என்று வரைபடத்தில் எல்லாம் பதிவாகும். எனக்கு எப்போது தெரிந்தது என்பது எங்கேயும் பதிவாகாது.

"மொத நாளே தெரியும்."

பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். "அப்ப அந்த டிரைவர் எம்சி?"

"பொய்."

"ஏம்மா?"

"பேச ஆள் இல்ல அங்கிள்."

அதை முதல் தடவையாகச் சத்தமாகச் சொன்னேன். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"உங்க புளோக்கத் தாண்டித்தானேம்மா நான் வரணும், போகணும்" என்றார் மெதுவாக. "சொல்லியிருந்தா புஸ்தகத்தயும் எடுத்துக்கிட்டு, உங்ககிட்ட உக்காந்து பேசிட்டும் போயிருப்பேனே. மூணு தடவ அவ என் கைய பாத்தா. மூணு தடவயும் வெறுங்கை."

மணியைப் பார்த்தார். "போறேன்மா" என்றார்.

எனக்கும் அதே வழிதான். பத்தடி தள்ளிப் பின்னால் நடந்தேன். பெரிய ரோட்டைக் கடந்தார். எங்கள் புளோக்கு வந்தது. கார் நிறுத்துமிடத்தின் பக்கம் திரும்பாமல், பையை நெஞ்சோடு அணைத்தபடி, குணவதி காத்திருக்கும் வீட்டைப் பார்த்து வேகமாக நடந்து போனார்.