கதவுக்கு முட்டுக் கொடுத்த செட்டியார்

“கதவுன்னா சாத்தறதுக்குத்தான்க்கா வெச்சிருக்கு—”

“திறக்கறதுக்கும்தான். ரெண்டு கையிலயும் தட்டு வெச்சுக்கிட்டு வர்றவ எதால திறப்பா, மூக்காலயா?”

“ஒரு கையில பிடிச்சுக்கட்டும்—”

“ஒத்தைக் கையில தட்டு நீட்டற வழக்கமெல்லாம் உங்க ரயில்வேயில வேணா இருக்கும்—”

“தட்டு விழுந்தா பொறுக்கிக்கலாம். குழந்தை விழுந்தா?”

“வாயைக் கழுவுடி. நல்ல நாளும் அதுவுமா.”

ஸ்மிதா வாயைக் கழுவவில்லை. புடவைக் கொசுவத்தை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு குனிந்து, செட்டியாரை இரண்டு கையாலும் தூக்கினாள். முழ உயரம், முழுக்க முழுக்கக் களிமண். கொலுப்படியில் அரிசிக்கும் பருப்புக்கும் பின்னால் தொப்பையைத் தள்ளிக்கொண்டு கடை பரப்பி உட்கார வேண்டிய மனிதர். அவரைக் கொண்டுவந்து நீச்சல்குளத்து வேலிக் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தாள் உமாதேவி. அங்கே கடையில் செட்டிச்சி தனியாக வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷனைத் தேடியதாகத் தெரியவில்லை.

செட்டியார் நகர்ந்ததும் கதவு தானாக வந்து ‘டக்’கென்று மூடிக்கொண்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டால்தான் ஸ்மிதாவுக்கு மூச்சு சீராகும்.

உமாதேவி அவள் புருஷன் வினய்யின் அக்கா. மைசூரிலேயே தேவராஜ மொஹல்லாவில் இருக்கிறவள். ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். தாய் தகப்பன் போனபின் தம்பியைத் தூக்கி வளர்த்தவள் என்பதால், தம்பி வீட்டில் எந்தப் பொருளை எங்கே வைப்பது என்று முடிவு செய்யும் உரிமை தனக்கு இருப்பதாக நம்பினாள். வினய்யும் நம்பினான். ஸ்மிதாதான் இன்னும் நம்பிக்கை வராமல் இருந்தாள்.

வினய்க்கு நீந்தத் தெரியாது. ஆனால் நீச்சல்குளம் கட்டத் தெரிந்தது. கூர்க் பக்கம் ஏதோ ஒரு விடுதியில் தண்ணீருக்குள் நின்றபடி காபி குடித்ததிலிருந்து பிடித்த வியாதி அது. போகாதி தாண்டிப் புது லேஅவுட்டில் வீடு கட்டும்போது வாஸ்துக்காரர் ஈசானிய மூலையில் தண்ணீர் இருந்தால் விசேஷம் என்று சொன்னார். பாவம், அவர் மனதில் இருந்தது தரைக்கடியில் ஒரு தொட்டி. வினய் அங்கே குளமே வெட்டினான். ஆழம் ஒரு பக்கம் இடுப்பளவு, மறுபக்கம் கழுத்தளவு என்று பெருமையாகச் சொன்னான். யாருடைய இடுப்பு, யாருடைய கழுத்து என்று ஸ்மிதா கேட்டாள். மூன்று வயது வைஷாலிக்கு இரண்டு பக்கமும் தலைக்கு மேல்தான்.

வேலி போடாமல் அதில் ஒரு குடம் தண்ணீர் விடக்கூடாது என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். போட்டோ எடுத்தால் ஜெயில் மாதிரி தெரியும் என்று வினய் ஒரு மாதம் புலம்பினான். கடைசியில் வேலி வந்தது. ஏறக் கால் வைக்க இடமில்லாத வலை வேலி; விட்டால் தானே மூடிக்கொள்ளும் கதவு; குழந்தைக்கு எட்டாத உயரத்தில் கொக்கி. அதைப் பார்த்துவிட்டு உமாதேவி, மைசூருக்கு ஒரு மிருகக்காட்சி சாலை போதாதா என்று கேட்டாள்.

வேலியோடு ஸ்மிதா நிற்கவில்லை. அவள் ஒரு சின்ன ரயில் நிலையத்தில் ஸ்டேஷன் மாஸ்டர். அவள் அப்பாவும் அதே உத்தியோகம்தான். அவர் காலத்தில் ஒற்றைத் தண்டவாளத்தில் டோக்கன் என்று ஓர் இரும்பு உருண்டை உண்டு. அது கையில் வராமல் எந்த டிரைவரும் வண்டியை எடுக்கமாட்டான். உருண்டை ஒன்றுதான் என்பதால் தண்டவாளத்தில் வண்டியும் ஒன்றுதான். அந்தக் கணக்கையே அவள் குளத்துக்குக் கொண்டுவந்தாள். தண்ணீர்ப் பக்கம் ஆள் இருக்கிற நேரமெல்லாம், வைஷாலியின் விளையாட்டுச் சாமானில் இருந்த சிவப்புப் பிளாஸ்டிக் வளையம் ஒருவர் கையில் இருக்கவேண்டும். வளையம் யார் கையிலோ அவருக்குத் தண்ணீரைப் பார்ப்பது மட்டும்தான் வேலை. போன் இல்லை, பேச்சு இல்லை. பத்துப் பேர் பார்க்கிறார்கள் என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம் என்பாள். மாற்றிவிடும்போது கொடுக்கிறவர் ‘குடுத்தேன்’ என்று சொல்லவேண்டும். வாங்குகிறவர் ‘வாங்கினேன்’ என்று சொல்லவேண்டும். இரண்டு வார்த்தையும் வந்தால்தான் டோக்கன் கைமாறியதாகக் கணக்கு.

வினய் சல்யூட் அடித்து வாங்கினான். உமாதேவி வளையத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொள்வாளே தவிர, அந்த வார்த்தையை மட்டும் சொல்லமாட்டாள். “வாங்கினேன்னு சொல்லறதுக்கு இது என்ன சீர்வரிசையா?” என்பாள்.

இந்த வருஷம் கொலுவைத் தம்பி வீட்டிலேயே வைப்பது என்று அவள் தீர்மானித்ததற்குக் காரணமே குளம்தான். அப்பா வீட்டுக் கொலுவில் தெப்பக்குளம் என்றால் மணலுக்கு நடுவே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. இப்போது நிஜக்குளமே இருக்கும்போது கண்ணாடி எதற்கு? வேலிக்குள், குளத்தை ஒட்டின தாழ்வாரத்தில் ஏழு படி கட்டினாள். தண்ணீரில் பிளாஸ்டிக் தாமரைகளை மிதக்கவிட்டாள். வினய் தன் பங்குக்கு, ரிமோட்டை அமுக்கினால் கழுத்தை ஆட்டிக்கொண்டு நீந்துகிற அன்னம் ஒன்றை வாங்கி வந்தான். வைஷாலி அதைப் பார்த்த நிமிஷமே ‘என் வாத்து’ என்று பட்டா போட்டுக்கொண்டாள்.

பொம்மையைத் தண்ணீரில் விட்டால் குழந்தை அதை எடுக்கத்தான் போகும் என்று ஸ்மிதா சொல்லிப் பார்த்தாள். ஒன்பது நாள்தானே என்றார்கள் அக்காவும் தம்பியும், ஒரே குரலில். அந்த ஒரு சண்டையில் அவள் தோற்றாள். அதனால்தான் செட்டியார் விஷயத்தில் விடமாட்டேன் என்று நின்றாள்.

ஆறு மணிக்கு மேல் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். கொள்ளேகாலிலிருந்து அத்தை மகள் பஞ்சவர்ணம் வந்தாள். பட்டுக்கடை வைத்திருப்பவள். உமாதேவி கட்டியிருந்த கத்தரிப்பூக் கலர் புடவை அவள் கடையில் எடுத்ததுதான். எத்தனை தரம் நனைத்தாலும் சாயம் போகாது என்று பஞ்சவர்ணம் வந்தவர்களிடமெல்லாம் அந்தத் தலைப்பைப் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுக் காவேரி, கன்னடக்காரி, ‘நிம்ம தெப்பக்குளா சூப்பர்’ என்று சொல்லிவிட்டு அன்னத்தோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள்.

வைஷாலி ஹாலில் அப்பாவோடு இருந்தாள். ஸ்மிதா கையில் சிவப்பு வளையத்தைப் போட்டுக்கொண்டு, தண்ணீரைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நாள் கிழமை என்று இரண்டு கையிலும் டஜன் கணக்கில் கண்ணாடி வளையல் போட்டிருந்தாள். வளையம் அவற்றோடு சேர்ந்து இன்னொரு வளையல் போலக் கிடந்தது. வருகிறவர்கள் எல்லாம் ஏன் ஓரமாக உட்கார்ந்திருக்கிறாய், உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். விசேஷம் ஏதாவது உண்டா என்று பஞ்சவர்ணம் வயிற்றைப் பார்த்துக் கேட்டாள். அப்போதும் ஸ்மிதா தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமலே ‘இல்லை’ என்றாள்.

பிறகு உமாதேவியைப் பாடச் சொன்னார்கள். தொண்டை கட்டியிருக்கிறது, சுருதிப்பெட்டி இல்லை என்று முறைப்படி மறுத்துவிட்டு, அவர்கள் இரண்டாம் முறை கேட்பதற்குள் ஆரம்பித்தாள். அவள் பாடினால் கண்ணை மூடிக்கொள்வாள். மூடினால் பாட்டு முடிகிறவரை திறக்கமாட்டாள். அவள் பாட்டும் சுலபத்தில் முடியாது.

பாட்டு அனுபல்லவிக்கு வந்தபோது காவேரி எழுந்துவிட்டாள். மாமியாருக்கு மாத்திரை கொடுக்கவேண்டும், இன்னொரு நாள் நிதானமாக வருகிறேன் என்று சைகையிலேயே சொல்லிவிட்டு நடந்தாள். கொலுவுக்கு வந்த சுமங்கலியைக் குங்குமம் கொடுக்காமல் எப்படி அனுப்புவது? கொடுக்கவேண்டியது வீட்டுக்காரி. தாம்பூலத் தட்டோ உள்ளே பூஜை அறையில். ஸ்மிதா எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். உமாதேவி பக்கம் திரும்பி, “அக்கா, குடுத்தேன்,” என்றாள். உமாதேவி கண்ணை மூடியபடி ஒரு சங்கதியைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். தலை ஆடியது. தாளத்துக்கு ஆடியதா, தனக்கு ஆடியதா என்று ஸ்மிதா நின்று யோசிக்கவில்லை. காவேரி கதவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள்.

கதவு திறந்து கிடந்தது. செட்டியார் பழைய இடத்தில், பழைய சிரிப்போடு உட்கார்ந்திருந்தார். ஸ்மிதா காலால் ஒரு தள்ளுத் தள்ளிப் பார்த்தாள். அவர் அசையவில்லை. திரும்பி வரும்போது கவனித்துக்கொள்ளலாம், ஒரு நிமிஷம்தானே என்று அவரைத் தாண்டிப் போனாள்.

ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்தது; வினய்யின் தலை சோபாவுக்கு மேல் தெரிந்தது. பக்கத்தில் குழந்தை இருப்பாள் என்று அவள் கண்ணே எழுதிக்கொண்டது. தட்டை எடுத்து வந்து காவேரிக்குக் குங்குமம் நீட்டினாள். இவ்வளவு நேரம் அவசரப்பட்ட காவேரி, இட்டுக்கொண்டதும் நிதானமாகத் தன் வீட்டு வேலைக்காரி நின்றுபோன கதையை ஆரம்பித்தாள்.

அப்போது பாட்டு நின்றது.

முடியவில்லை, நின்றது. ஒரு வார்த்தையின் பாதியில். உமாதேவியின் பாட்டை இத்தனை வருஷத்தில் யாராலும் அப்படி நிறுத்த முடிந்ததில்லை. அடுத்து, பெரிதாக ஏதோ தண்ணீரில் விழுந்த சத்தம். ஸ்மிதா தட்டைப் போட்டுவிட்டு ஓடினாள்.

உமாதேவி மார்பளவுத் தண்ணீரில் நின்றாள். கத்தரிப்பூச் சாயம் அவளைச் சுற்றி மைபோலப் பரவிக்கொண்டிருந்தது. ஒரு கையால் வைஷாலியை இடுக்கிப் பிடித்திருந்தாள். இன்னொரு கையால் குழந்தையின் முதுகைத் தட்டியபடி, சாமிகளையெல்லாம் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை இருமியது. வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் தண்ணீர் வந்தது. பிறகு வீறிட்டு அழுதது. அந்த அழுகையைவிட நல்ல பாட்டு அன்று அந்த வீட்டில் யாரும் பாடவில்லை. யாரோ குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்று என்று யோசனை சொன்னார்கள். ஸ்மிதா அவர்களைத் தள்ளிக்கொண்டு போய் மகளை வாங்கி, ஈரத்தோடு மார்பில் அணைத்துக்கொண்டாள்.

நடந்தது இவ்வளவுதான். மூன்றாவது அடி மறந்துபோய் உமாதேவி கண்ணைத் திறந்திருக்கிறாள். அன்னத்துக்குப் பக்கத்தில், சிவப்புப் பட்டுப்பாவாடை காற்று அடைத்துக் குடை மாதிரி உப்பி மிதந்திருக்கிறது. கூச்சல் இல்லை, கையைக் காலை அடித்த சத்தம் இல்லை. வந்திருந்த பெண்கள் எல்லாரும் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “நான் இன்னொரு தாமரைன்னு நினைச்சேன்,” என்று பஞ்சவர்ணம் பிறகு சொன்னாள். சொல்லிவிட்டுத் தன் வாயையே தான் பொத்திக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் குழந்தையின் நெஞ்சில் நெடுநேரம் குழாயை வைத்துக் கேட்டார். இப்போதைக்கு நன்றாக இருக்கிறது, ஆனாலும் நுரையீரலில் தண்ணீர் போயிருக்கலாம், காலைவரை இங்கேயே வைத்துப் பார்க்கவேண்டும் என்றார். வைஷாலி படுக்கையில் உட்கார்ந்து, வாத்து எங்கே என்று கேட்டாள். கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனாள். அவள் மூச்சு ஏறி இறங்குவதை மூன்று பேரும் சுற்றி நின்று பார்த்தார்கள். அந்த நேரம் அங்கே டோக்கன் தேவைப்படவில்லை.

அறைக்கு வெளியே பெஞ்சில் உமாதேவி உட்கார்ந்த இடத்தில் தரையெல்லாம் கத்தரிப்பூத் தண்ணீர். துடைக்க வந்த ஆயா பசம்மா, குளத்தையும் கூடவே கொண்டு வந்தீங்களா என்று கன்னடத்தில் கேட்டாள். துடைத்துவிட்டுப் போனவள், திரும்பி வந்து ஒரு ஆஸ்பத்திரிப் போர்வையை அவள் தோளில் போட்டுவிட்டுப் போனாள்.

வினய்க்கு அப்போதுதான் குரல் வந்தது. பிறந்ததிலிருந்து அக்காவை எதிர்த்துப் பேசாதவன், மொத்தத்தையும் ஒரே மூச்சில் பேசினான். கதவுக்கு யார் முட்டுக் கொடுத்தது, ஸ்மிதா எத்தனை தரம் சொன்னாள், கேட்டாயா, உனக்குத் தட்டுதான் பெரிசா என்றான். உமாதேவி தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நீ மட்டும் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று அவள் கேட்டிருக்கலாம். ஹாலில் டிவி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அவள் கேட்கவில்லை.

கேட்காததே ஸ்மிதாவுக்குத் தாங்கவில்லை.

“நான் எடுத்து வெச்சேன்க்கா. நீங்க திரும்பவும் கொண்டுபோய் வெச்சீங்க.”

“வெச்சேன்.”

“வாத்து வேணாம்னு சொன்னேன்.”

“சொன்னே.”

இப்படி ஒத்துக்கொள்கிறவளிடம் எப்படிச் சண்டை போடுவது? செட்டியாரை ஸ்மிதா தாண்டிப் போனது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அதை விட்டுவிட்டுச் சொல்ல அவளிடம் இன்னொன்று இருந்தது. அதைச் சொன்னால்தான் நிற்க முடியும் போலிருந்தது.

“நான் ஒண்ணும் சும்மா எழுந்து போகலை. குடுத்தேன்னு சொல்லிட்டுத்தான் போனேன். உங்ககிட்டதான் சொன்னேன்.”

உமாதேவி நிமிர்ந்தாள். ஸ்மிதாவின் முகத்தைப் பார்க்கவில்லை. மணிக்கட்டைப் பார்த்தாள். பச்சைக் கண்ணாடி வளையல்களுக்கு நடுவில் அந்தச் சிவப்பு வளையம் அப்படியே கிடந்தது. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மேடையில் சுருதி பிடிக்கும்போது பேசுகிற அதே சின்னக் குரலில் கேட்டாள்.

“நீ சொன்னது என் காதுல விழுந்துதுடி. நான் வாங்கினேன்னு சொன்னேனா?”