உப்புப் போட்ட நெத்திலி

தீவன மூட்டை விலை ஏறும்போதெல்லாம் செசிலிக்குக் கோழிகள் மேல்தான் கோபம் வரும். "இப்பிடித் தின்னா நான் எங்க போவேன்?" என்று கூண்டைப் பார்த்துச் சத்தம் போடுவாள். அவை தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு மறுபடியும் தொட்டியைக் கொத்தும். தக்கலைக்குப் பக்கத்தில், வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு அவளும் புருஷன் பொன்னுலிங்கமும் வளர்த்த முட்டைக்கோழிகள். மழைக்காலத்தில் ரப்பர் வெட்டு நின்றுபோனால் அவனுக்கு வேலை இல்லை. அந்த முட்டைகளால்தான் அடுப்பு எரியும். தீவனத்தைக் குறைத்துத் தவிட்டைக் கூட்டிப் பார்த்தாள். முட்டை சிறுத்தது, ஓடு விரல் பட்டாலே நொறுங்கியது. கடைக்காரர் முகத்தைச் சுளித்தார்.

அந்த நேரத்தில்தான் அண்ணன் மரியான் ஒரு சாக்கோடு வந்து நின்றான்.

கடற்கரையில் பிறந்தவள் இந்துப் பையனைக் கட்டிக்கொண்டாள் என்று பிறந்த வீடு அவளைக் கைகழுவி ஒன்பது வருடம். அப்பாவின் அடக்கத்துக்குப் போனவளைக் கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அனுப்பியவன் இதே மரியான்தான். இப்போது அவன் முற்றத்தில், அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் கோழிகளைப் பார்த்துப் பேசினான். "தீவனத்துக்கு நீ கெடந்து கஷ்டப்படுறன்னு இரணியல் சந்தையில சொன்னாவ. மீன் பொடி கொண்டாந்தேன். கலந்து போடு." போகும்போது அவள் தலையில் கை வைத்தான். அன்று சாயங்காலம் முழுக்க செசிலி அழுதாள். அப்படி ஒரு சந்தோஷம்.

கோழித் தீவனத்துக்கு உப்பில்லாமல் மணலில் காயப்போட்ட மீன்தான் போகும். கடற்கரையில் பிறந்தவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். அதனால் அவள் பொடியை நாக்கில் வைத்துக்கூடப் பார்க்கவில்லை. கோழிகள் பாய்ந்து பாய்ந்து தின்றன. அதைக் கண்ட சந்தோஷத்தில் மறுநாள் இன்னும் அள்ளிக் கலந்தாள்.

பிறகு அவை தண்ணீரை விட்டு நகரவில்லை. எச்சம் தண்ணீராக ஓடியது, கால் தள்ளாடியது, ஒவ்வொன்றாகச் சரிந்தன. செத்த கோழியை அறுத்துப் பார்த்த மாட்டாஸ்பத்திரி டாக்டர், "உப்பு கூடிப்போச்சும்மா" என்றார். இருக்கவே இருக்காது என்று சண்டைக்கு நின்றவள், வீட்டுக்கு வந்து மிச்சப் பொடியை நக்கிப் பார்த்தாள். கரித்தது.

வார முடிவில் கொட்டகை காலி. தென்னை மரத்தடியில் கடைசிக் குழியை மூடிவிட்டு பொன்னுலிங்கம் சொன்னான்: "ஒங்க அண்ணன் தெரிஞ்சேதான் செய்திருக்கான்." கோழிகள் போனதைக்கூட செசிலி தாங்கிக்கொண்டாள். இந்தச் சொல்தான் நெஞ்சில் கிடந்து அறுத்தது, ஏனென்றால் அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதம் மரியான் இன்னொரு சாக்கோடு வந்தான். சிரித்த முகம். பொன்னுலிங்கத்தை முதல்முறையாக "மச்சான்" என்று கூப்பிட்டான்.

"அண்ணே, போன தடவ கொண்டாந்த பொடி என்ன மீன்?" என்று செசிலி கேட்டாள்.

"நெத்திலிதான்ட்டி. கோழிக்கு மணல்ல காஞ்ச கழிவத்தான் குடுப்பாவ. இத்தன வருசம் கழிச்சுத் தங்கச்சி வீட்டுக்கு வாறேன், அந்தக் குப்பையவா தூக்கிட்டு வருவேன்? நாங்க திங்க உப்புப் போட்டு வச்சிருந்த நல்ல நெத்திலியப் பொடிச்சுக் கொண்டாந்தேன்." சொல்லிவிட்டுக் கொட்டகையை எட்டிப் பார்த்தான். "கோழி எங்கட்டி?"

பொன்னுலிங்கம் வாயைத் திறந்தான். செசிலி அவன் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"வித்துட்டோம் அண்ணே. நல்ல வெல கெடச்சுது."

"பொடி தின்னுச்சா?"

"நல்லாத் தின்னுச்சு அண்ணே."

மரியானுக்குப் பெருமை தாங்கவில்லை. "அப்போ அடுத்த கோழி எறக்கும்போ சொல்லு. தீவனத்தப் பத்தி இனி நீ கவலப்படாத. நான் இருக்கேன்லா!"

சொல்கிறேன் என்று தலையாட்டினாள். இனி ஒரு கோழிக்குஞ்சு வாங்கக்கூட வழியில்லை என்பது அவளுக்குத் தெரியும். அண்ணன் இன்னொரு தடவை வரவேண்டும், அது ஒன்றுதான் அப்போது அவளுக்கு வேண்டியிருந்தது.