வெள்ளை லைட்டுக்காரன்

வெள்ளிக்கிழமை பெண் பார்க்கப் போக வேண்டும். புதன்கிழமையே வினோத்குமார் தன் சுமோவின் இரண்டு கண்களையும் பிடுங்கக் கொடுத்துவிட்டான்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சேட்டுவின் எலக்ட்ரிக்கல் கடை. கடை என்றால் ஒரு தகரக் கூரை, ஒரு பேட்டரி சார்ஜர், சுவரெல்லாம் கொடி மாதிரி ஒயர். சேட்டு பானட்டுக்குள் தலையை விட்டு, கம்பெனியில் போட்டு அனுப்பிய ஹாலஜன் பல்புகளைக் கழற்றினான். பழைய தினசரித் தாளில் சுற்றி டாஷ்போர்டுக்குள் போட்டான். அந்த இடத்தில் சென்னையிலிருந்து வந்திறங்கிய செனான் பல்புகள் ஏறின. கூடவே பல்புக்கு ஒன்றாகச் சின்ன அலுமினியப் பெட்டி. பேட்டரியின் கரண்டை அதுதான் பல மடங்கு ஏற்றிப் பல்புக்குள் அனுப்புமாம்.

சுவிட்சைப் போட்டதும் முதலில் கத்திரிப்பூ நிறம். அப்புறம் நீலம். அப்புறம் வெள்ளை. பட்டப்பகலிலேயே எதிர்ச் சுவர் புதிதாகச் சுண்ணாம்பு அடித்தது போலாயிற்று. டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் கிளாஸோடு எழுந்து வேறு பக்கம் போய் உட்கார்ந்தார்கள்.

"ஒண்ணு சொல்றேன், காதுல வாங்கிக்கோ" என்றான் சேட்டு. "இதுல டிம்மு கெடையாது. எரிஞ்சா முழுசா எரியும். அணைச்சன்னா திரும்பப் பத்திக்கக் கொஞ்சம் டைம் எடுத்துக்கும். ஈர பீடி மாதிரி."

வினோத் தலையாட்டினான். காதில் வாங்கவில்லை. சட்டைப் பையில் பிரபாவின் போட்டோ இருந்தது. அது இருக்கிற ஆளுக்கு வேறெதுவும் காதில் ஏறாது.

எல்லாம் தரகர் தேவராஜ் கிளப்பிவிட்டது. பிரபா பழையசீவரத்துப் பெண். அப்பா வேதகிரி, உத்திரமேரூருக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவே தனியார் பஸ் ஓட்டுகிறவர். ஜாதகம் பொருந்திவிட்டது, இரண்டு பக்கமும் போட்டோவும் பிடித்துவிட்டது. ஆனால் வேதகிரி தனியாக ஒரு பரீட்சை வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளைப் பையன் பக்கத்தில் உட்கார்ந்து வாலாஜாபாத் வரை ஒரு சவாரி. வண்டி ஓட்டுவதைப் பார்த்துவிட்டுத்தான் பெண் கொடுப்பதைப் பற்றிப் பேச்சு.

"போன வருசம் ஒரு பையன் வந்தான். பாதி ரோட்டுல எறங்கி, பஸ் புடிச்சி வூட்டுக்கு வந்துட்டாரு மனுசன்" என்று தேவராஜ் சொல்லி வைத்திருந்தார். "நீ பாத்து ஓட்டு. அவ்ளோதான்."

வினோத் பார்த்தான். ஓட்டுவதில் அவனுக்குக் கவலையில்லை. சவாரி இருட்டும் நேரத்தில். வாடகைக்கு ஓடி ஓடிக் களைத்த சுமோவின் ஹெட்லைட்டோ மஞ்சள் தண்ணீர் தெளித்தது போல எரியும். ரோடு தெரியும். பெருமை தெரியாது. ஆகவே செனான்.

விபரீதம் வியாழக்கிழமையே வந்தது.

வாலாஜாபாத்தில் ஒரு குடும்பத்தை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தான். பொழுது சாய்ந்து, ஐப்பசி மேகம் வேறு சேர்ந்து, சீக்கிரமே இருட்டு. புளியமரத்து இலையெல்லாம் வெள்ளியாக மின்ன, ரோட்டில் ஒரு கூழாங்கல் கிடந்தாலும் தெரிந்தது. வினோத் விசிலடித்தபடி வந்தான். முன்னால் சிறுபாலம். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் ஏற முடியும். எதிரே ஒரு பஸ்.

அந்த ரூட்டு டிரைவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. சிறுபாலத்தில் எதிரெதிரே வந்துவிட்டால் ஹாரன் அடிக்க மாட்டார்கள். லைட்டால் பேசிக்கொள்வார்கள். ஒரு டிப், அதாவது ஒரு தரம் அணைத்துப் போட்டால், 'நீ வா'. இரண்டு டிப் அடித்தால், 'நான் வர்றேன், நில்லு'. இதில் குழப்பம் வந்ததே கிடையாது.

பஸ் பெரியது, ஜனங்கள் இருக்கிறார்கள். வினோத் ஓரமாக நிறுத்திவிட்டு, மரியாதையாக ஒரு டிப் அடித்தான்.

லைட் செத்துப்போனது.

பதறிப்போய் மறுபடி தட்டினான். கத்திரிப்பூ நிறத்தில் ஒரு முழி முழித்து, அணைந்து, நீலமாகத் துடித்து, இரண்டு கண்ணும் மாறி மாறிச் சிமிட்டி, கடைசியில் முழு வெள்ளையாகப் பஸ்ஸின் முகத்தில் போய் அறைந்தது. 'நீ வா' என்று சொல்லப்போன வண்டி, 'நான் வர்றேன், நில்லு' என்றும் சொல்லி, போதாததற்குக் கண்ணும் அடித்துவிட்டது.

பஸ் குலுங்கி நின்றது. டிரைவர் இறங்கினார். சுமோவுக்கு முன்னால் வந்து, புருவத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு, எதுவும் தெரியாமல் நின்றார்.

"யார்ரா அது, சூரியனக் கட்டி இஸ்துகினு வர்றவன்? மூஞ்சியக் காட்டுறா."

என்ன வண்டி என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. வினோத்துக்கும் அவர் முகம் சரியாகத் தெரியவில்லை. கையும் கையின் நிழலும்தான் தெரிந்தன. குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. தகர ஷட்டரை இழுத்துவிட்டது போன்ற குரல். இறங்கிப் போனால் அடி நிச்சயம். வினோத் ரிவர்ஸ் எடுத்து, வயல் பக்கம் போகிற மண்பாதையில் மூக்கை நுழைத்துக்கொண்டு வழிவிட்டான். பஸ் பக்கத்தில் ஊர்ந்து போகையில் இரண்டு கைகளையும் கூப்பித் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். பஸ் போன பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான்.

அவன் பயம் அதோடு தீர்ந்துவிட்டது. ரூட்டில் ஓடுகிற பஸ் எத்தனையோ. பெண் பார்த்துவிட்டு வந்து டிம்முக்கு ஒரு வழி பண்ணச் சொல்லிச் சேட்டுவைப் பிடித்துக்கொள்ளலாம் என்று தூங்கிவிட்டான்.

வெள்ளிக்கிழமை அம்மா பொன்னியம்மாளையும் தேவராஜையும் ஏற்றிக்கொண்டு பழையசீவரம் போய்ச் சேர்ந்தபோது வெயில் இன்னும் இருந்தது. வண்டியை வாசலைப் பார்த்தபடி நிறுத்தினான். ஜோடித்த வண்டி, கழுவிய கண்ணாடி. பெருமையாக இறங்கினான்.

"வாங்க, வாங்க. வண்டி சுத்தமா வச்சிகினு கீறீங்க."

தகர ஷட்டர்.

வினோத்தின் இடது செருப்பு வாசலிலும் வலது செருப்பு எங்கேயோவுமாகக் கழன்றன. வேதகிரி சிரித்த முகமாக அவன் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். கேசரி வந்தது. வடை வந்தது. பிரபா வந்தாள். உத்திரமேரூரில் ஒரு டைப்பிங் சென்டரில் சொல்லிக்கொடுக்கிற பெண், எதையும் நேராகப் பார்க்கிற கண். அவனையும் நேராகப் பார்த்தாள். பார்த்துவிட்டு உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள். பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று வினோத் நினைத்தான். அதைப் பற்றி வருத்தப்படக்கூட அவனுக்கு நேரமில்லை.

ஏனென்றால் வேதகிரி கதை சொல்ல ஆரம்பித்திருந்தார். நேற்றுச் சாயங்காலம் சிறுபாலத்தில் ஒரு வெள்ளை லைட்டுக்காரன். வா என்று கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டு, நில்லு என்று மிரட்டி, கண்ணடித்தானாம். வீட்டுக்கு வந்த பிறகும் சாதத்தட்டில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி பறந்ததாம். அவன் மட்டும் கையில் கிடைத்தால் அந்த லைட்டைப் பிடுங்கி அவன் கழுத்திலேயே மாலையாகப் போடுவதாகப் பிள்ளையாருக்குச் சொல்லி வைத்திருக்கிறாராம். பொன்னியம்மாள் இந்தக் காலத்துப் பிள்ளைகளைப் பற்றி வருத்தப்பட்டாள்.

"நீ ஸ்டாண்டுல கீறவன்தானே தம்பி. அந்த மாதிரி எவனாச்சும் மாட்டிகினு திரியறானா?"

வினோத் இன்னொரு வடையை எடுத்துக் கடித்தான். விசாரித்துச் சொல்கிறேன் என்று முனகினான்.

சன்னலுக்கு வெளியே வெயில் மெல்லச் சிவந்தது. இருட்டினால் சவாரி. சவாரி என்றால் லைட். லைட் என்றால் பிரபா கிடையாது. அவள் நேராகப் பார்க்கிற பார்வை அதற்குள் அவன் நெஞ்சில் வேறு உட்கார்ந்துவிட்டது.

டாஷ்போர்டில் பழைய பல்புகள் இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. போன் வந்த மாதிரி காதில் செல்போனை வைத்துக்கொண்டு நழுவினான். பானட்டைத் தூக்கினான். தாள் பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் முதுகுக்குப் பின்னால் ஷட்டர் இழுபட்டது.

"இன்னா தம்பி, பானட்டத் தொறந்துகினு?"

"ரேடியேட்டர்ல தண்ணி பாக்கறேன் மாமா."

வேதகிரியின் முகம் மலர்ந்தது. வண்டி எடுக்குமுன் தண்ணீர் பார்க்கிற பையன்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று வீட்டுக்குள் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார். தானே பானட்டை மூடினார். தானே முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். இருட்டு இறங்கிவிட்டது. வாசலில் எல்லாரும் வழியனுப்ப வந்து நின்றார்கள். அம்மா, தேவராஜ், பிரபாவின் தாயார், கதவோரம் பிரபா.

"லைட்டப் போடு, போலாம்."

இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கிறதே என்று வினோத் சொல்லிப் பார்த்தான். வேதகிரி சிரித்துக்கொண்டே கையை நீட்டித் தானே சுவிட்சைத் திருகிவிட்டார்.

கத்திரிப்பூ. நீலம். வெள்ளை. வீடே அப்போதுதான் வெள்ளையடித்தது போல எழுந்து நின்றது. வாசலில் நின்ற நாலு பேரும் ஒரே நேரத்தில் முகத்தைக் கையால் மூடினார்கள்.

வேதகிரி கதவைத் திறந்து இறங்கினார். வண்டிக்கு முன்னால் போனார். நேற்று நின்ற அதே நிலையில், புருவத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

வினோத் இறங்கி ஓடி வந்தான். "நான்தான் மாமா. வேணும்னு செய்யல. டிப் அடிச்சேன், நின்னுபோச்சி."

"கண்ணடிச்சியே?"

"நான் அடிக்கல மாமா. அதுவா அடிச்சுது."

தேவராஜ் மெதுவாகத் தன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். தரகர்கள் கிளம்பும் நேரம் அவர்களுக்குத் தெரியும். அப்போதுதான் கதவோரத்திலிருந்து பிரபா பேசினாள்.

"நைனா, நேத்து நானும் உன் பஸ்லதானே வந்தேன். முன்னாடி நின்னதுல உனக்கு லைட்டுதான் தெரிஞ்சுது. சன்னலோரம் எனக்கு ஆளு தெரிஞ்சாரு. ரெண்டு கையும் கூப்பிகினு, கோயில்ல நிக்கற மாதிரி உக்காந்து இருந்தாரு. போட்டோல கீறவருதான்னு அப்பவே தெரியும்."

"அப்புறம் ஏன் நேத்து ராத்திரி சொல்லல? தொண்டை வத்தத் திட்டிகினு இருந்தேனே."

"சொல்லியிருந்தா இன்னிக்கி கேசரி கிண்ட வுட்டிருப்பியா?"

பிரபாவின் தாயார் சிரிப்பை அடக்க முந்தானையை எடுத்தாள். வேதகிரி மகளைப் பார்த்தார். வினோத்தைப் பார்த்தார். சுமோவைச் சுற்றிக்கொண்டு போய் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தார்.

"நான் நின்ன எடத்துல நில்லு."

வினோத் நின்றான். வெள்ளையைத் தவிர உலகத்தில் எதுவுமே இல்லை. அந்த வெள்ளைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"நான் தெரியறனா?"

"தெரியல மாமா."

"மொறைக்கிறனா, சிரிக்கிறனா?"

"தெரியல மாமா."

வினோத் புருவத்தின் மேல் கையை வைத்துப் பார்த்தான். அப்போதும் வெள்ளைதான்.

"சிரிக்கிறேன். போய் அந்தப் பழைய பல்பை எடுத்தா. தண்ணி பாத்தானாம் தண்ணி."

மாமனும் மருமகனுமாகப் பானட்டுக்குள் தலையை விட்டார்கள். பிரபா டார்ச் பிடித்தாள். வெளிச்சம் பல்பில் விழுந்ததைவிட அவன் முகத்தில் விழுந்ததுதான் அதிகம். சேட்டு கம்பெனி சாக்கெட்டை வெட்டாமல் விட்டிருந்தான். செய்ததில் அந்த ஒன்று நல்ல காரியம். பல்பின் கண்ணாடியில் விரல் படாமல் பிடிக்கச் சொல்லி வேதகிரி அதட்டினார். பட்டால் அந்த இடத்தில் சூடேறி வெடித்துவிடுமாம். வேலை முடிந்ததும் செனான் பல்புகளைக் கழுத்தில் மாட்டுவாரோ என்று வினோத் பயந்தான். பிள்ளையாரிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு அவற்றைப் பரண் மேல் போட்டுவிட்டார்.

பிறகு சவாரி. மஞ்சள் வெளிச்சத்தில் பழைய ரோடு. எதிரே லாரி வந்தது, டிம் பண்ணினான். பைக் வந்தது, டிம் பண்ணினான். வேதகிரி வாலாஜாபாத் வருவதற்குள் கன்னத்தைச் சன்னலில் சாய்த்துத் தூங்கிவிட்டார். திரும்பி வந்ததும் தேவராஜ் அவசரமாக விசாரித்தார். தூங்கினார் என்று வினோத் தயங்கித் தயங்கிச் சொன்னான். பிரபாவின் தாயார் அதைக் கேட்டதும் நேராகச் சாமி மாடத்துக்குப் போய் வெற்றிலைத் தட்டை எடுத்து வந்தாள். கட்டிய நாளாக அவள் புருஷன் அடுத்தவன் ஓட்டுகிற வண்டியில் கண்ணை மூடினதே இல்லையாம்.

விடைபெற்று வண்டி தெருமுனையில் திரும்பும்போது வினோத் நிறுத்தினான். வண்டியின் முகத்தை வீட்டுப் பக்கம் திருப்பி, இரண்டு டிப் அடித்தான். மஞ்சள் வெளிச்சம் சொன்னதை அப்படியே கேட்டது.

பின் சீட்டில் பொன்னியம்மாள், எதிரில்தான் வண்டியே இல்லையே, யாருக்கு இது என்று கேட்டாள்.

தூரத்தில், வேதகிரி வீட்டு வாசல் பல்பு அணைந்து, ஒரே ஒரு தரம் எரிந்தது.