உப்புத் தண்ணிக்கு எதுக்கு உப்பு?

என் தங்கச்சி அடைக்கலமேரி போட்ட ஒரே ஒரு சத்தத்தில் காசிமேட்டில் கட்டிக்கிடந்த விசைப்படகெல்லாம் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிப்போயின. ஒன்று எண்ணூர் முகத்துவாரத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது. இன்னொன்றை நடுக்கடலில் பிடித்து, எந்த நாட்டுப் படகு என்று விசாரித்ததாகக் கேள்வி. துறைமுகத்துக் கிரேன் ஒன்று கழுத்தைத் திருப்பி ராயபுரம் பக்கம் பார்த்தது. ரிட்டையர் ஆகும்வரை அந்தக் கிரேனை ஓட்டியவன் நான். என்ன துரு பிடித்த கழுத்து அது! நான் மாரடித்துத் திருப்பினாலும் திரும்பாது. அன்றைக்குத் தானாகத் திரும்பியது.

இதைக் கேட்டவர்கள் எல்லாரும் நம்பிவிட்டார்கள், சௌக்கத் அலி ஒருத்தனைத் தவிர. சத்தம் கேட்ட நேரத்தில் அவன் அவள் வீட்டுக்கு எதிர் டீக்கடையில்தான் இருந்தான். இருந்தும், "அது இழுவைக் கப்பல் ஹாரன் நைனா. அடைக்கலமேரியாவது, கத்தறதாவது" என்று சாதித்துவிட்டான். ஆயுசு முழுக்க இழுவைக் கப்பலில் வேலை பார்த்தவன். ஹாரன் விஷயத்தில் அவன் சொன்னால் கடற்கரையே கேட்கும். அதுதான் எனக்குப் பேஜாராகிவிட்டது.

நடந்தது இதுதான். சுனாமிக்கு முந்தின வருஷம்.

அடைக்கலமேரியின் புருஷன் தாமஸ் மச்சான் அதற்கு முந்தின தவக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். ரயில்வே பார்சல் ஆபீசில் இருந்தவர், நல்ல மனுஷன், வாய் மட்டும் என்னைவிடப் பெரிசு. கல்லறையில் ஊரே அழுதது. தங்கச்சி அழவில்லை. அழுவாள் அழுவாள் என்று பார்த்தோம், வீட்டுக்கு வந்து வாசல் கதவைத் தாழ்போட்டுவிட்டு உட்கார்ந்தாள். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான். சாப்பிடு என்றால் சாப்பிடுவாள். தூங்கு என்றால் போய்ப் படுப்பாள். எதைக் கேட்டாலும் "ம்". அதுவும் போதவில்லை என்றால் "சரிண்ணா". துறைமுகத்துக்குள் போக வரிசை கட்டி நிற்கிற கன்டெய்னர் லாரிகள் அவள் வீட்டுச் சுவரை உரசுகிற மாதிரி போகும், அலமாரியில் கண்ணாடி டம்ளரெல்லாம் கிடுகிடுவென்று ஆடும். அவள் இமைகூட ஆடாது. மச்சான் பேரை அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. தடை ஒன்றும் இல்லை. வாய்க்கு வரவில்லை, அவ்வளவுதான்.

நான் தினமும் போவேன். கப்சா விடுவேன். எண்ணூரில் ஒரு இறால் பவர் ஹவுஸ் சுடுதண்ணியில் குளித்துக் குளித்து ஆட்டுக்கிடா சைசுக்கு வளர்ந்துவிட்டது என்பேன்.

"ம்" என்பாள்.

"அதுக்கு கொம்பு கூட மொளச்சிடுச்சிம்மா."

"சரிண்ணா."

கொம்பு முளைத்த இறாலுக்குச் சரி சொல்கிறவளை என்ன செய்வது?

இந்த நிலைமையில் அவள் மகள் சில்வியா மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தாள். அங்கே நர்ஸ். வந்த அன்றைக்கே சாப்பிட உட்கார்ந்து தட்டை எடுத்தவள், அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தட்டு முழுக்க வெள்ளை பூத்திருந்தது. ஓரத்தில் பழைய குழம்பு காய்ந்துபோய் ஒட்டியிருந்தது. அலமாரியைத் திறந்தால் எல்லாத் தட்டும் அப்படித்தான், அழகாக அடுக்கி வைத்திருந்தது.

"அம்மா, இது கழுவின தட்டா?"

"ம். மெஷின்ல போட்டேன்."

மெஷின் என்றால் பாத்திரம் கழுவுகிற மெஷின். ராயபுரத்தில் அந்தக் காலத்தில் வேறு யார் வீட்டிலும் அது கிடையாது. தமிழ்நாட்டிலேயே கிடையாது என்று நான் சொல்வேன், நீங்கள் விசாரித்துக்கொள்ளுங்கள். சோப்பு பட்டு அம்மா கையெல்லாம் வெடித்துப் புண்ணாகிறது என்று சில்வியாதான் அனுப்பினாள், அப்பா உயிரோடு இருந்தபோது. அதை இறக்குவதற்காகவே ஒரு கப்பல் வந்தது.

சில்வியா என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனாள். "மாமா, அழுக்குத் தட்டுன்னு கூடத் தெரியல அவங்களுக்கு. எப்படித் தனியா வுட்டுட்டுப் போறது? நான் கையோட மஸ்கட் கூட்டினு போறேன். வீட்டப் பூட்டிடலாம். மெஷின சிஸ்டருங்க மடத்துக்குக் கொடுத்துடலாம்."

"அவளக் கேட்டியா?"

"கேட்டேன். சரின்னாங்க."

"அவ எல்லாத்துக்கும் சரின்றாம்மா. நாளைக்கி கப்பல்ல அடிமாடு ஏத்தறாங்க, வர்றியான்னு கேளு, சரின்னுதான் சொல்லுவா."

சில்வியாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அப்ப நான் இன்னா மாமா பண்ணட்டும்? வரலன்னு ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த அவங்க வாயால சொல்லட்டும். டிக்கெட்ட கேன்சல் பண்ணிடறேன். சொல்ல மாட்றாங்களே."

தங்கச்சி போனால் எனக்கு அந்தத் தெருவில் போவதற்கு ஒரு வாசல் இல்லை. அதைச் சில்வியாவிடம் சொல்லவில்லை. "மடத்துக்கு கலீஜா குடுத்தா மரியாத இல்ல. நான் மொதல்ல அத்த சுத்தம் பண்றேன்" என்று லுங்கியை மடித்துக் கட்டினேன்.

கரண்ட்டைப் பிடுங்கினேன். கீழ்த் தட்டு அடுக்கை இழுத்து வெளியே வைத்தேன். அடியில் ஒரு சல்லடை இருந்தது, திருகினால் கையோடு வந்துவிடும். வந்தது பாருங்கள், ஒரு வாடை! மீன் ஏலம் முடிந்த காசிமேடு அதன் முன்னால் சந்தனக் கடை. சல்லடைக்குள் மீன் செதில், சங்கரா முள், கறிவேப்பிலை, கடுகு, எல்லாம் கூழாகி அடைத்துக் கிடந்தது. அந்தச் செதிலையெல்லாம் திரும்ப ஒட்டினால் ஒரு திமிங்கலத்துக்கே சட்டை தைக்கலாம். திமிங்கலத்துக்குச் செதில் கிடையாது என்று சௌக்கத் அலி சொல்வான். அதனால்தான் தைத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தேன். கதவைச் சுற்றியிருந்த ரப்பரில் கரேலென்று பாசி. துணியால் வழித்து எடுத்தேன். உள்ளே தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே சுற்றுகிற இரண்டு கைகள் உண்டு. அவற்றில் வரிசையாக ஓட்டை. ஓட்டைக்கு ஒரு செதில் கதவு போட்டு உட்கார்ந்திருந்தது.

"ஒரு ஊசி இருந்தா குடும்மா" என்றேன், யாரிடம் என்று இல்லாமல்.

நாற்காலியில் இருந்த அடைக்கலமேரி கழுத்துச் செயினில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினாள். முகத்தில் ஒன்றும் இல்லை. நீட்டிய கை, நான் வாங்கின பிறகும் நீட்டினபடியே கொஞ்ச நேரம் இருந்தது.

செதில் போயிற்று. வெள்ளை போகவில்லை. மெஷின் உள்சுவரெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி காறை. நாட்டு மருந்துக் கடையில் எலுமிச்சை உப்பு வாங்கிவந்து உள்ளே கொட்டி, பாத்திரம் போடாமல் சுடுதண்ணியில் சும்மா ஓடவிட்டேன். திறந்தால் உள்ளே கண்ணாடி! அதில் முகம் பார்த்துத் தலை வாரினேன், தலையில் முடி இல்லாவிட்டாலும்.

சில்வியா எட்டிப் பார்த்தாள். "திரும்பவும் பூக்கும் மாமா. போர் தண்ணி இல்ல? அடியில ஒரு மூடி இருக்கும் பாருங்க, அதுக்குள்ள உப்புப் போடணும். காறை படியாம பாத்துக்கும். அந்தச் செவப்பு லைட்டு எரிஞ்சா உப்பு இல்லன்னு அர்த்தம். வர்றப்பல்லாம் பாக்கெட் பாக்கெட்டா கொண்டாந்து குடுத்தனே, அதெல்லாம் எங்க?"

மெஷின் நெற்றியில் சிவப்பாக ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வளைந்து வளைந்து, இங்கிலீஷ் எஸ் எழுத்து மாதிரி. வாங்கின கொஞ்ச நாளிலிருந்தே அது எரிகிறது. நான் அதைப் பார்த்துப் பழகிவிட்டேன்.

அடைக்கலமேரி விரலைத் தூக்கி மேலே காட்டினாள். மொட்டை மாடி.

"கருவாடு" என்றாள்.

சில்வியாவுக்குப் புரியவில்லை. "இன்னா கருவாடு?"

"அந்த உப்புல கருவாடு போட்டாரு." சர்ச்சில் அறிவிப்பு வாசிக்கிற குரலில் சொன்னாள். "வஞ்சிரம், நெத்திலி, எல்லாம் போட்டாரு. உப்புத் தண்ணிக்கு எதுக்குடி உப்புன்னாரு. ராயபுரம் தண்ணி வாயில வெக்க முடில, அதுல இன்னும் உப்பு போட்டா மெஷினு வாந்தி எடுக்கும்னாரு."

மச்சான் கணக்கு எனக்கு நியாயமாகவே பட்டது. கடலுக்கு யாராவது உப்பு வாங்கிக் கொடுப்பார்களா? நான்கூட அந்தக் கருவாட்டைச் சாப்பிட்டிருக்கிறேன். உலகத்திலேயே சுத்தமான கருவாடு. தொண்டைக்குள் போகும்போதே வயிற்றையும் கழுவிக்கொண்டு போகும்.

"அந்த லைட்டு எரியுதே, அது இன்னான்னு நெனச்சாரு?" என்றாள் சில்வியா.

எனக்குத் தெரியும், நான் சொன்னேன். "எஸ்ஸுன்னா சில்வியாவாம். எம் பொண்ணு அனுப்பின மெஷின்ல எம் பொண்ணு பேரு எரியுதுடான்னு வர்றவன் போறவனுக்கெல்லாம் காமிப்பாரு. பால்காரன உள்ள இட்டாந்து காமிச்சாரு. பங்கு சாமியாரக்கூட வுடல."

சில்வியா சுவரைப் பிடித்துக்கொண்டாள். வெளியே லாரி போயிற்று, டம்ளர் ஆடியது.

மாடியில் தேடியதில் ஒரே ஒரு பாக்கெட் பிரிக்காமல் கிடைத்தது. மூடியைத் திறந்து, தண்ணீர் ஊற்றி, உப்பைக் கொட்டி, இறுக மூடினேன். அலமாரியில் இருந்த அழுக்குத் தட்டையெல்லாம் அடுக்கி, சோப்புத் தூள் போட்டு ஓடவிட்டேன். ஓடி முடிகிறவரை மூன்று பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம், ஏதோ ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி.

நின்றது. கதவைத் திறந்தேன். ஆவி போன பிறகு ஒரு தட்டை எடுத்தேன். பளீர்! அந்தத் தட்டைத் திருப்பியதும் வெளிச்சம் பட்டு மீஞ்சூர் ஸ்டேஷனில் ஒரு ரயிலே நின்றது. டிரைவர் சிக்னல் என்று நினைத்துவிட்டான்.

"சூப்பர் மாமா" என்றாள் சில்வியா. தட்டைத் தடவிப் பார்த்தாள். "இப்ப குடுத்தா மரியாதையா இருக்கும். நாளைக்கே மடத்துலேருந்து வண்டி வரச் சொல்லிடறேன். இன்னாம்மா, சொல்லிடட்டா?"

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். இந்த வீட்டில் சமைக்கலாம், கழுவலாம், ஒருத்தி இருக்கலாம் என்று காட்டத்தான் நான் சுத்தம் செய்தேன். செய்து மடத்துக்கு மூட்டை கட்டிக் கொடுத்திருக்கிறேன். "சரி" என்று அடைக்கலமேரி சொல்லப்போகிறாள் என்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி வரவில்லை.

நிமிர்ந்தால், அவள் எழுந்து மெஷின் முன்னால் நின்றிருந்தாள். நெற்றியை உற்றுப் பார்த்தாள். எஸ் விளக்கு அணைந்திருந்தது. அந்த இடத்தை விரலால் தொட்டாள். துடைத்தாள். மறுபடி தொட்டாள். அப்புறம் வாயைத் திறந்தாள்.

"யோவ் தாமஸு! அது பேரு இல்லய்யா, உப்பு! உப்புன்னு தலபாடா அடிச்சிக்கினேனே, கேட்டியா நீ? இப்ப அவிஞ்சி பூட்ச்சி பாரு! அவிஞ்சி பூட்ச்சிய்யா தாமஸு!"

படகுகள் கயிற்றை அறுத்துக்கொண்டது அப்போதுதான். மாடியில் காக்கை எல்லாம் எழும்பின. அந்தப் பேரைக் கேட்டு எத்தனை மாசம் ஆயிற்று.

அதே வேகத்தில் மகள் பக்கம் திரும்பினாள். "மெஷினும் எங்கியும் போவாது. நானும் வர்ல. வர்லன்னா வர்ல!"

சில்வியா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அவள்தான் அழுதாள். அடைக்கலமேரி அழவில்லை. மகள் முதுகில் கையை வைத்தாள், அந்தக் கை என்ன செய்வது என்று தெரியாமல் வெறுமனே இருந்தது. கொஞ்ச நேரத்தில் போய்ப் பழையபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"டீ போடவா?" என்று சில்வியா கேட்டாள்.

"ம்" என்றாள்.

டிக்கெட் கேன்சல் ஆயிற்று. சில்வியா தனியாகத்தான் போனாள். ஒரு சத்தத்தில் எல்லாம் தெளிந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். நான் சொல்லும் பொய்க்கும் ஒரு எல்லை உண்டு. நாள் முழுக்க அவள் அதே நாற்காலியில்தான். ஆனால் அவள் வீட்டில், அவள் நாற்காலியில்.

இதைச் சொல்லத்தான் டீக்கடைக்கு ஓடினேன், சௌக்கத் அலி ஹாரன் என்றான். நான் படகைச் சொன்னேன், கிரேனைச் சொன்னேன். ஹாரன் ஹாரன் என்றே நின்றான். மச்சானோடு தினமும் கேரம் ஆடியவன் அவன். மச்சான் போன பிறகு அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. எதிர்க் கடையில் உட்கார்ந்து வாசலைப் பார்ப்பதோடு சரி.

சில்வியா கிளம்பிப்போன மறுநாள் காலை. உள்ளே மெஷின் ஓடுகிற சத்தம் தெருவரைக்கும் கேட்டது. டீயை வாயில் வைக்காமலே சௌக்கத் அலி கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்ப தங்கச்சி போவலியா நைனா?"

"வர்லன்னு சொல்ட்டா. எத்தினி வாட்டி சொல்றேன் உனுக்கு."

டீ ஆறி ஆடை கட்டிவிட்டது.

"படகு பொய்யி" என்றான்.

"சரி, பொய்யி."

"கிரேனும் பொய்யி."

"அது மெய்யி. சரி, பொய்யின்னே வெச்சிக்க."

"நானும் தெனம் தெனம் ஹாரனு ஹாரனுன்னு சொல்லிப் பாத்தேன் நைனா. அத்தன வருசம் கேட்டவன், எனுக்குத் தெரியாதா?" கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எந்தக் கப்பலு ஹாரனும் தாமஸுன்னு பேரு சொல்லிக் கூப்டாது. அது அடைக்கலமேரிதான். கத்துச்சி. நடந்ததுதான்."