'ன்' வரும்வரை

மதியச் சாப்பாட்டுக்காக நகராட்சிக் கவுன்ட்டரை மூடுவார்கள் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. போன வருடம்தான் அந்த வழக்கம் வந்ததாம். பன்னிரண்டு மணி மூன்று நிமிடத்துக்குப் போய் நின்றோம். ஒரு மணிக்கு வரவும் என்று அட்டை தொங்கியது.

விவாகரத்துப் படிவம் என் கைப்பையில் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. கையெழுத்தோடு நாங்கள் இருவரும் அவரவர் பெயர் முத்திரையும் வைத்தாயிற்று. சாட்சிகளில் ஒருவர் என் அண்ணன், இன்னொருத்தி எங்கள் மகள் சிஹோ. படிவம் தபாலில் கிடைத்த மறுநாளே கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டாள். கல்யாணப் பத்திரிகைக்குக்கூட ஒரு வாரம் கழித்துப் பதில் போடுகிறவள் அவள்.

"என்ன பண்றது?" என்றார் என் கணவர் தோகுஜி.

"ஒரு மணி நேரம் நிக்க முடியாது. எனக்கு முட்டி வலிக்குது."

வெளியே நவம்பர் மழை. எதிரே இருந்த நூடுல்ஸ் கடைக்கு வியாழக்கிழமை விடுமுறை. அதற்கு மேல்மாடியில் கரோக்கே, அறை வாடகைக்கு எடுத்து மெஷின் இசையோடு பாடும் இடம். வேறு போக்கிடம் இல்லாமல் ஏறினோம்.

"கணவன் மனைவியா? ஜோடிக்குச் சலுகை இருக்கு" என்றாள் வரவேற்பில் இருந்த பெண்.

அவர் என்னைப் பார்த்தார்.

"இன்னும் ஒரு மணி நேரத்துக்கு" என்றேன்.

அவள் சிரித்தாள். நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது.

அறை ஆறு பேர் உட்காரும் அளவு. அவர் வரவேற்புப் பக்கம் போய்க் குளிர்பானம் பிடித்து வந்தார். எனக்குப் பச்சை மெலன் சோடா. முப்பத்துமூன்று வருடத்தில் நான் மெலன் சோடா குடித்து அவர் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. சரி, இன்றைக்கு அதற்கு என்ன சண்டை என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

அவரைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அதுதான் சங்கடம். குடிப்பதில்லை, அடித்ததில்லை, வேறு பெண் இல்லை. பேருந்து நிறுவனம் அவரை நாகோயா பணிமனைக்கு மாற்றியது. பதினொரு வருடம் அங்கே தனியாக அறை எடுத்து இரவுப் பேருந்து ஓட்டினார். மாதம் ஒரு முறை வந்து துணி துவைத்துக்கொண்டு போனார். போன வசந்தத்தில் ஓய்வு பெற்று வீட்டுக்கே வந்துவிட்டார். வந்தவர் நல்ல விருந்தாளியாக இருந்தார். தன் கிண்ணத்தைத் தானே கழுவினார். குளிக்கப் போகும்போது அனுமதி கேட்டார். ஆறு மாதம் பார்த்தேன். ஒரு நாள், "பிரிஞ்சிடலாமா?" என்றேன். பெர்சிமன் பழம் சீவிக்கொண்டிருந்தார். "உனக்கு அப்படித் தோணுச்சுன்னா சரி" என்றார். தோல் அறுபடாமல் சீவி முடித்தார்.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே அந்தப் பேச்சை விட்டிருப்பேன். இன்றைக்குக் காலையில் வண்டியில் ஏறும்போது சொல்லியிருந்தாலும் போதும், படிவத்தைக் கிழித்திருப்பேன். அவர் சொன்னது, "சீட் பெல்ட் போட்டுக்க."

"சும்மா உக்காந்திருக்கணுமா?" என்று பாட்டுத் தேடும் ரிமோட் பலகையை அவர் பக்கம் தள்ளினேன். "சங்கிலி ஆடலாம்."

பாட்டின் தலைப்பு எந்த எழுத்தில் முடிகிறதோ அந்த எழுத்தில் தொடங்கும் இன்னொரு பாட்டைப் பாட வேண்டும். 'ன்'னில் முடிந்தால் ஆட்டம் முடிந்தது. 'ன்'னில் தொடங்கும் சொல் எங்கள் ஜப்பானிய மொழியில் கிடையாது. இது எனக்கு விளையாட்டு அல்ல, பிழைப்பு. பத்தொன்பது வருடம் சுற்றுலாப் பேருந்தில் வழிகாட்டியாக இருந்தேன். திரும்பி வரும் வழியில் பயணிகளைத் தூங்கவிடாமல், கழிப்பறைக்கு நிறுத்தச் சொல்லாமல் ஊர் சேர்க்க இந்தச் சங்கிலிதான். எழுத்து வாரியாகப் பாட்டுகள் எழுதிய நோட்டு ஒன்று வைத்திருந்தேன். யாராவது திணறினால் எடுத்துக் கொடுப்பேன். யார் கையிலும் 'ன்' விழாமல் பார்த்துக்கொள்வேன். என் பேருந்தில் ஊர் வருமுன் சங்கிலி அறுந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

பாதி நாள் வண்டி ஓட்டியவர் தோகுஜிதான். அவர் பாடி நான் கேட்டதே இல்லை. கை ஸ்டியரிங்கில் இருக்குமே.

"'ன்' வந்தா எந்திரிச்சுப் போயிடலாம்" என்றேன். "சரியா?"

"சரி."

நான் தொடங்கினேன். துறைமுகப் பாட்டு ஒன்று, 'மி'யில் முடிந்தது. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு 'மி' தேடினார். எழுந்து நின்றார். பாடினார். லாரி பின்னால் எடுப்பது மாதிரி இருந்தது. மெஷின் அறுபத்தொரு மதிப்பெண் கொடுத்து, 'தயங்காமல் பாடுங்கள்' என்று திரையில் அறிவுரையும் சொன்னது.

"மெஷினுக்கே தெரிஞ்சிருச்சு" என்றேன்.

"வாய மூடிட்டு உன் பாட்ட எடு."

நான்கைந்து சுற்று போனது. வேண்டுமென்றே அவருக்கு 'ரு' கொடுத்தேன். 'ரு'வில் தொடங்கும் பாட்டுகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். எத்தனையோ மருத்துவர்களும் ஆசிரியர்களும் அதில் கவிழ்ந்ததைப் பார்த்திருக்கிறேன். அவர் தேடக்கூட இல்லை. நேராக அடித்துவிட்டார். யாரும் பாடாத, இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தில் வந்த ஒரு பாட்டு. என் நோட்டில் 'ரு'வுக்குக் கீழே கடைசியாக இருந்தது.

"இத எங்க புடிச்சீங்க?"

"ஈதா ஊரு நர்சுங்க கூட்டம். பனி பெஞ்சு ரோட்ட அடைச்சுட்டான். நாலு மணி நேரம். நீதான் எடுத்துக் குடுத்த."

"உங்களுக்குக் கேட்டுச்சா?"

"என் காதுகிட்டதான மைக் புடிச்சிட்டு நின்ன. செவிடனா நான்?" தொண்டையைச் செருமிக்கொண்டார். "கண்ணாடியில பின்னாடி வர்ற வண்டிய மட்டுமா பாத்தேன்னு நினைச்ச?"

இந்த இடத்தில் எனக்கு ஏதாவது ஆகியிருக்க வேண்டும். காத்திருந்து பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்போமே, அதுபோல. கன்னம் இருக்கிறது என்று கைக்குத்தான் தெரிகிறது. நான் மெலன் சோடாவைக் குடித்தேன். இனிப்பாக இருந்தது.

ஒரு மணிக்குச் சுவர்த் தொலைபேசி அடித்தது. இன்னும் பத்து நிமிடம், நீட்டிக்க வேண்டுமா என்று கேட்டிருப்பார்கள்.

"அரை மணி நேரம் போட்டுக்குங்க" என்றார் அவர்.

கவுன்ட்டர் திறந்திருக்கும். அவருக்கும் தெரியும். சுவரில் கடிகாரம் இருக்கிறது. அடுத்த பாட்டைத் தேடத் தொடங்கினார். அப்போதுதான் கவனித்தேன். எனக்கு 'அ', 'க', 'ஷி' என்று எளிய எழுத்தாகவே கொடுத்துக்கொண்டிருந்தார். தலைப்பைத் தட்டிவிட்டு, கடைசி எழுத்தைப் பார்த்து, அழித்து, வேறு தேடினார். 'ன்' வராத பாட்டு. வியர்த்து வழிந்தது. கோட்டைக் கழற்றிப் போட்டார். அறுபத்துமூன்று வயதில் அந்த மனிதர் தொண்டை கட்டக் கட்டப் பாடினார். பதினொரு வருடத்தில் பேசியதைவிட அதிகமாக அன்றைக்கு அவர் வாய் திறந்தது.

வண்டியைத் திருப்ப வேண்டிய இடத்தில் திருப்பாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறார் என்று புரிந்தது. புரிந்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம். அதுவாவது வந்தது. கொஞ்சம்தான், ஆனால் வந்தது.

தீவைப் பற்றிய பாட்டு ஒன்றைப் பாடி முடித்தார். 'ஷிமா' என்று முடியும் தலைப்பு. மெஷின் ஐம்பத்தெட்டு கொடுத்தது. உட்கார்ந்து மூச்சு வாங்கினார். நான் ஒலியைக் குறைத்தேன்.

"என்னங்க."

"ம்?"

"எங்கிட்ட ஏதாச்சும் சொல்லணுமா?"

மைக்கைக் கையில் பிடித்திருந்தார். அதை அணைக்கவில்லை, அதனால் அவர் மூச்சு அறை முழுக்கக் கேட்டது. என்னைப் பார்த்தார். கைப்பையைப் பார்த்தார். வாயைத் திறந்தார். நான் கைப்பையின் ஜிப்பில் விரலை வைத்துக்கொண்டேன். சொன்னால் எடுத்துக் கிழிப்பதற்கு. சத்தியமாக அதற்குத்தான்.

"உன் முறை" என்றார். "'மா'."

'மா'வில் எனக்கு இருபத்தாறு பாட்டு தெரியும். அத்தனையும் நோட்டில் இருக்கிறது. இருபத்தைந்து பாட்டு எங்களை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போகும், ராத்திரிவரைகூட. இருபத்தாறாவது, ஓர் ஊரில் இருக்கும் புகைப்படக் கடையைப் பற்றியது. நல்ல பாட்டு. ஆனால் தலைப்பு 'ன்'னில் முடிகிறது, அதனால் பத்தொன்பது வருடத்தில் ஒரு முறைகூட யாருக்கும் எடுத்துக் கொடுத்ததில்லை.

அதை அழுத்தினேன்.

தலைப்பு திரையில் பெரிதாக வந்தது. அவர் படித்தார். கடைசி எழுத்துவரை படித்தார் என்று தெரிந்தது, ஏனென்றால் மைக்கை மேசையில் வைத்துவிட்டார். நான் பாட்டை முழுக்கப் பாடினேன், மூன்று சரணமும். குரல் நடுங்கவில்லை. தொண்ணூற்றிரண்டு மதிப்பெண். மெஷின் குறை ஒன்றும் சொல்லவில்லை.

இசை நின்றதும் அவர், பணிமனைக்குள் வண்டியை நிறுத்தியதும் சொல்வாரே, அதே குரலில் சொன்னார்.

"வந்தாச்சு."

என் வாய் பழக்கதோஷத்தில் தானாகச் சொல்லிற்று: "ரொம்ப நேரம் பயணம் பண்ணிக் களைச்சிருப்பீங்க. எறங்குறதுக்கு முன்னாடி, எதையும் விட்டுட்டுப் போகலையான்னு ஒரு தடவை பாத்துக்குங்க."

எல்லாப் பயணத்தின் முடிவிலும் நான் இதைச் சொல்ல, எல்லோரும் இறங்கிய பிறகு அவர் ஒவ்வொரு இருக்கைக்கும் கீழே குனிந்து பார்ப்பார். ஓட்டுநரின் வேலை அது. குடை கிடைக்கும், பல்செட் கிடைக்கும், ஒரு முறை பூனை கிடைத்தது. இப்போதும் கோட்டைப் போட்டுக்கொண்டு, சோபாவுக்குக் கீழே குனிந்தார்.

நான் கைப்பையை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தேன். அவர் நிமிரவில்லை.

"என்னங்க, ஏதாச்சும் இருக்கா?"

"இல்ல" என்றார் கீழேயிருந்து. சற்று நேரம் கழித்து, "இரு. பாத்துட்டிருக்கேன்."

சோபாவுக்கு அடியில் ஒரு கை அகலம்கூட இடம் இல்லை. அவர் முதுகு மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. போய்த் தொடலாம் என்று நினைத்தேன். கை வரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசி ஆள் இறங்கும்வரை வழிகாட்டி அப்படித்தான் நிற்க வேண்டும்.